வெளிநாட்டில் இருப்பவர் சொந்த ஊரில் வீடு வாங்கலாமா, குத்தகைக்கு எடுக்கலாமா?

கடலூர், சிதம்பரம் வட்டாரச் சந்தேகங்களும் விளக்கங்களும்

1690-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராட்டியரிடம் விலை பேசி வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் விற்பனையில் சேர்த்தி என்பது பேச்சு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. இன்று அதே கடலூரில் வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர் ஒரு சென்ட் மனை வாங்க வேண்டுமானாலும், முதலில் தான் யார் என்பதைச் சட்டத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

சட்டம் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்தான். பரங்கிப்பேட்டையிலிருந்து போய்ச் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர், லால்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர், புதுச்சேரி வம்சாவளியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர், ஈழத்திலிருந்து வந்து இங்கேயே பிள்ளை குட்டி பெற்று வளர்த்தவர் என நாலு பேருமே தமிழர்கள். ஆனால் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் (ஃபெமா) கண்ணில் இவர்கள் எல்லாரும் ஒரே வகை அல்ல. வாங்குவதா, குத்தகையா என்று யோசிப்பதற்கு முன்னால், தான் எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

துபாயில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான். நானும் வெளிநாட்டவர் கணக்கா?

இல்லை. நீங்கள் என்.ஆர்.ஐ., அதாவது வெளிநாடுவாழ் இந்தியர். வீடு, வீட்டுமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு, கடை ஆகியவற்றை எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. பணம் மட்டும் வங்கி வழியாகத்தான் வர வேண்டும்: என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்தோ, வெளிநாட்டிலிருந்து நேரடியாக அனுப்பியோ கொடுக்கலாம். ஊருக்கு வரும்போது கையில் கொண்டுவந்த திர்ஹத்தையோ டாலரையோ விற்பவரிடம் நீட்டக் கூடாது. முன்பணமாக இருந்தாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டேன். பிறந்த ஊர் புவனகிரி பக்கம். என்னால் வாங்க முடியுமா?

கையில் ஓ.சி.ஐ. (இந்தியாவின் கடல்கடந்த குடிமகன்) அட்டை இருந்தால், மேலே சொன்ன துபாய்க்காரருக்கு உள்ள அதே உரிமை உங்களுக்கும் உண்டு. அட்டை இல்லாவிட்டால், அப்பா புவனகிரி, தாத்தா புவனகிரி என்று சொல்லிப் பயன் இல்லை. பத்திரப் பதிவில் நிற்பது அட்டைதான். முன்பு இருந்த பி.ஐ.ஓ. (இந்திய வம்சாவளியினர்) அட்டைத் திட்டம் 2015 ஜனவரியில் ஓ.சி.ஐ.யோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய அட்டையைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். பேரன், கொள்ளுப்பேரன் தலைமுறை வரை விண்ணப்பிக்கலாம்.

கடலூருக்குப் பக்கத்திலேயே உள்ள பிரெஞ்சுக் குடிமக்களுக்கு ஒரு சேதி. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதிகளைச் சேர்ந்தவர்களுக்கும், அவர்கள் வழிவந்தவர்களுக்கும் ஓ.சி.ஐ. பெறத் தகுதி உண்டு. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். ஆகவே பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ வீட்டுப் பிள்ளைகள், தாங்கள் முழு வெளிநாட்டவர் என்று எண்ணி ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

பண்ருட்டியில் முந்திரித் தோப்பு, காட்டுமன்னார்கோவிலில் நஞ்சை. வாங்கலாமா?

கூடாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் என்.ஆர்.ஐ.யோ ஓ.சி.ஐ. அட்டைதாரரோ விலைக்கு வாங்கக் கூடாது. ‘ஃபார்ம் லேண்ட்’, ‘வாரக் கடைசிப் பண்ணை வீடு’ என்று வரும் விளம்பரங்களில் பலவும் பட்டாவில் புஞ்சையாகத்தான் இருக்கும். விற்பவர் என்ன சொன்னாலும் சிட்டாவில் இருப்பதே செல்லும்.

ஆனால் வாரிசாக வரலாம். நம் ஊர்க் குடும்பங்கள் அடிக்கடி சறுக்குவது இங்கேதான். அப்பா உயிரோடு இருக்கும்போதே, ‘கடைசிக் காலத்தில் தகராறு வேண்டாம்’ என்று சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு நஞ்சையைத் தான செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார். வீட்டையோ மனையையோ அப்படி எழுதித் தந்தால் தவறில்லை. விவசாய நிலத்தை வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைக்குத் தானமாகத் தர ஃபெமா விதிகள் இடம் கொடுக்கவில்லை. அதே நிலம் உயில் மூலமாகவோ, வாரிசுரிமையாகவோ அவருக்குப் போனால் சட்டம் ஏற்கிறது. அப்பாவின் நல்லெண்ணம் மகனுக்கு வம்பாகாமல் இருக்க, நிலத்துக்கு உயில், வீட்டுக்குச் செட்டில்மென்ட் என்று பிரித்துச் செய்யுங்கள். அப்படி வந்த நிலத்தைப் பின்னால் விற்பதானால், இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே விற்கலாம்.

காட்டுமன்னார்கோவில், கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, மேல்புவனகிரி, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களும் 2020-ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் உள்ளன. இந்தப் பகுதிகளில் வயலை மனையாக்கி விற்பவரிடம் மனைப்பிரிவு அங்கீகாரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனை, 2016 அக்டோபர் 20-க்கு முன் வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் ஒழிய, மறுபடி பதிவாகாது.

ஓ.சி.ஐ.யும் இல்லை, இந்திய வம்சாவளியும் இல்லை. சிதம்பரத்தில் தங்கி நாட்டியமும் தேவாரமும் படிக்க வருகிறேன்.

வெளிநாட்டில் வசித்துக்கொண்டே இங்கே சொத்து வாங்க முடியாது. குத்தகை மட்டும் உண்டு; அதுவும் ஐந்து ஆண்டுக்கு மிகாமல். சுற்றுலா விசாவில் வந்து போகிறவருக்கும் இதுதான். வேலை, தொழில் போன்ற காரணங்களுக்காக வந்து, முந்தைய நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இங்கே தங்கியவரானால், ஃபெமா அவரை இந்தியாவில் வசிப்பவராகக் கணக்கில் கொள்ளும், அப்போது வாங்கலாம். பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, ஆப்கானிஸ்தான், சீனா, ஈரான், நேபாளம், பூட்டான், ஹாங்காங், மக்காவ், வடகொரியா ஆகியவற்றின் குடிமக்கள், இந்தியாவிலேயே வசித்தாலும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் வாங்க இயலாது. அவர்களுக்கும் ஐந்தாண்டுக் குத்தகை உண்டு. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரை இந்தத் தடை தொடாது.

வெளிநாட்டு மணமகளையோ மணமகனையோ கட்டிக்கொண்ட என்.ஆர்.ஐ., ஓ.சி.ஐ.க்காரர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்து நீடித்திருந்தால், இருவர் பெயரிலும் சேர்த்து ஒரு சொத்து வாங்கலாம். மேலே சொன்ன பட்டியல் நாடுகளின் குடிமக்களுக்கு இது பொருந்தாது.

வீட்டைக் குடிக்கூலிக்கு விடுபவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்கு ஆன்லைனில் தகவல் தர வேண்டும்.

வாங்க உரிமை இருக்கிறது. ஆனாலும் வாங்கத்தான் வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடலூரில் 40 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு வீடு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் எனப் பதிவுச் செலவு மட்டும் 3,60,000 ரூபாய். 10 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். அதே தெருவில் மாதம் 10,000 ரூபாய் வாடகையில், 30,000 ரூபாய் முன்பணத்தோடு ஐந்தாண்டுக் குத்தகை எழுதினால், மொத்தத் தொகை 6,30,000. முத்திரைத் தீர்வை அதில் ஒரு சதவீதமான 6,300. பதிவுக் கட்டணமும் அதே அளவு. ஆக 12,600 ரூபாயில் காரியம் முடிகிறது.

வருடத்துக்கு ஒரு மாதம் பொங்கலுக்கோ, நோன்புப் பெருநாளுக்கோ, ஆனித் திருமஞ்சனத்துக்கோ வந்து போகிறவர், பெற்றோரும் ஊரில் இல்லாதவர், வீடு வாங்கிப் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கடல் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். பூட்டிய வீட்டின் பக்கத்துக் காலி மனையில் வேலி ஒரு அடி நகர்ந்து வரும். பெற்றோர் இருக்கும் வீடு, ஓய்வுக்குப் பின் திரும்பப்போகும் ஊர், பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் என்று மூன்றில் ஒன்றாவது இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் முறையாகப் பதிவான குத்தகைதான் நல்லது.

எங்கள் ஊரில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து ‘லீசு’க்கு எடுக்கிறோம். 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினால் போதாதா?

போதாது. வளைகுடாவில் உழைத்து அனுப்பும் பணம் அதிகமாகச் சிக்குவது இந்த வகையில்தான். எட்டு லட்சமோ பத்து லட்சமோ கொடுத்து, மாத வாடகை இல்லாமல் மூன்று வருடம் இருந்துகொள்ளலாம் என்று பேச்சு. குடும்பத்தைக் குடிவைத்துவிட்டு இவர் விமானம் ஏறிவிடுவார். வீட்டுக்காரர் அந்த வீட்டின் பேரில் வாங்கிய வங்கிக் கடனைக் கட்டாமல் விட்டால், வங்கி 2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வீட்டை எடுக்க வரும். அப்போது 20 ரூபாய்ப் பத்திரத்தை நீட்டினால் வங்கி மதிக்காது. நீதிமன்றத்திலும் அது நெடுநாள் தாங்காது.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவானால்தான் சட்டப்படி குத்தகை. போக்கியம் என்று எழுதினாலும் பதிவு கட்டாயம். பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று எடுத்து, உரிமை ஆவண ஒப்படைப்பு என்றோ, சுருக்கமாக எம்.ஓ.டி. என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறது என்று பொருள். அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு பின்னால் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பத்திரத்தின் அசலைக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டுகிறவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். நகரப் பகுதிகளில் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் பெறவும் வேண்டும்.

வெளிநாட்டவரானால் இன்னொரு எச்சரிக்கை. ஐந்தாண்டு முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் சேர்க்காதீர்கள். காலம் முடிந்ததும் புதிதாக எழுதிப் பதிந்துகொள்ளுங்கள்.

நேரில் வர முடியாது. மச்சானுக்குப் பவர் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், முறையோடு. இருக்கும் நாட்டில் இந்தியத் தூதரக அதிகாரி அல்லது நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட வேண்டும். கடலூர் வட்டாரத்துக்கு அது மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடக்கும். உறையைப் பீரோவில் வைத்து நாலாம் மாதம் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களால்தான் பாதிச் சிக்கல். மச்சான் பத்திரம் பதியப் போகும் நாளில், நீங்கள் உயிரோடு இருப்பதற்கான அண்மைச் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

எல்லாச் சொத்துக்கும், எல்லாக் காரியத்துக்கும் சேர்த்துப் பொது அதிகாரம் எழுதாதீர்கள். சர்வே எண், செய்ய வேண்டிய வேலை, காலக்கெடு மூன்றையும் குறிப்பிட்டுத் தனி அதிகாரம் கொடுங்கள். வாங்கும்போதும் ‘பவர் பத்திரமே கிரயம் மாதிரிதான்’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பவர் எழுதி வாங்குவதால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

உரிமை இல்லாதவர், ஊரில் உள்ள நண்பர் பெயரில் வாங்கிவைத்தால்?

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: இரவல் பெயரில் வீடு வாங்குவதை விடப் பதிவான ஐந்தாண்டுக் குத்தகை ஆயிரம் மடங்கு மேல். பினாமி தடைச் சட்டம் 1988-லேயே வந்தது. 2016 நவம்பரில் கடுமையாக்கப்பட்டது. சொத்தை அரசு எடுத்துக்கொள்ளும். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். ஃபெமாவில் தனியாக, தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். நண்பர் இறந்தால் அவர் பிள்ளைகள் ‘எங்கள் அப்பா சொத்து’ என்பார்கள். நீதிமன்றத்தில் போய் ‘பணம் என்னுடையது’ என்று சொல்லவும் சட்டம் விடாது.

பழைய சட்டக் காலத்து வழக்கு ஒன்றும் நினைவில் இருக்க வேண்டியது. 1977-ல் வெளிநாட்டவர் ஒருவர் ரிசர்வ் வங்கி அனுமதி பெறாமல் பெங்களூருச் சொத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தானம் செல்லாது என்றது. நாற்பது வருடம் கழிந்தும் குறை குறையாகவே இருந்தது.

மனைவி அல்லது பிள்ளைகள் பெயரில், கணக்கில் உள்ள சொந்த வருமானத்தில் வாங்குவது பினாமி ஆகாது.

விற்றால், வாடகைக்கு விட்டால் வரி?

வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால், தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் வாங்குபவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த சொத்தின் லாபத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீத வரி, மேல்வரி தனி. வாடகைக்கு விட்டால் குடியிருப்பவர் 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும்; பல குடித்தனக்காரர்களுக்கு இது தெரியாமல் பின்னால் நோட்டீஸ் வருகிறது. விற்ற பணத்தை என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம்.

இந்த வட்டாரத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

சிதம்பரத்திலும் சுற்றிலும் கோயில், மடம், கட்டளைகளுக்குச் சொந்தமான இடம் நிறைய. அடிமனை கோயிலுடையதாக இருந்தால், நீங்கள் வாங்குவது சுவரும் கூரையும்தான். அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, ஆணையரின் ஒப்புதல் இல்லாமல் கோயில் சொத்தை விற்றாலும், ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் செல்லாது. புதுச்சேரியின் பாகூர்ப் பகுதி ஊர்கள் கடலூர் வட்டத்து ஊர்களோடு கலந்து கிடக்கின்றன. சர்வே எண் எந்த மாநிலத்தில் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள், பதிவு அலுவலகமும் கட்டணமும் வேறு. நெய்வேலி, சேத்தியாத்தோப்பு பக்கம் வாங்குகிறவர்கள், நிலம் சுரங்கத்துக்கு ஆர்ஜிதமானதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். 2023-ல் வளையமாதேவியில் நின்ற பயிருக்குள் இயந்திரம் இறங்கியதை ஊரே பார்த்தது. கடலோர மனைக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் தடை போடும். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் மூன்றிலும் அந்தத் தெரு எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

மற்ற நாடுகள் எப்படி?

இலங்கை 2014-ம் ஆண்டுச் சட்டத்தால் வெளிநாட்டவருக்கு நிலம் விற்பதைத் தடுத்துவிட்டு, 99 ஆண்டு வரை குத்தகைக்கு வழிவிட்டது. சிங்கப்பூரில் வீடு வாங்கும் வெளிநாட்டவர் 2023 ஏப்ரல் முதல் 60 சதவீதம் கூடுதல் முத்திரைத் தீர்வை கட்டுகிறார். கனடா 2023 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை போட்டிருக்கிறது. இலங்கையின் 99 ஆண்டோடு வைத்துப் பார்த்தால் நம் ஐந்தாண்டுக் குத்தகை வரம்பு மிகக் குறுகியதுதான்.

நாங்கள் இலங்கைத் தமிழர். 1990-ல் வந்து மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். ஒரு வீடு வாங்க வழியே இல்லையா?

1983-க்குப் பிறகு வந்த குடும்பங்களில், 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த பிள்ளை இருந்தால், அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பிறப்புச் சான்றிதழோடு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம், சொத்தும் வாங்கலாம். இந்தியக் குடிமகனை மணந்தவர் வீட்டில், அந்த இந்தியத் துணை தன் சொந்த வருமானத்தில் தன் பெயரில் வாங்கலாம். மலையக வம்சாவளியினர் தாத்தா, பாட்டியின் இந்தியப் பிறப்பைக் காட்டும் காகிதங்களைத் தேடி எடுத்து, வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது. மற்றவர்களுக்கு இன்றைய நிலையில் ரிசர்வ் வங்கி அனுமதி அல்லது ஐந்தாண்டுக் குத்தகைதான். கூலி வேலை செய்து சேர்த்த பணத்தை யார் பெயரிலோ போட்டு ஏமாறாதீர்கள்.

இந்த நிலை மாற வேண்டும், மாற்றுவதும் கடினமில்லை. ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் நாடுகளின் சிறுபான்மை மதத்தவர், நீண்டகால விசாவில் இங்கே வசித்தால், குடியிருக்க ஒரு வீடும் தொழில் செய்ய ஓர் இடமும் வாங்கலாம் என்று ஃபெமாவின் 2019-ம் ஆண்டு விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கிவிட்டது. அடுத்த படியாக அந்த வீட்டு விதியில் இலங்கையின் பெயரையும் சேர்க்க வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டுகளாக இங்கே உழைத்து வாழும் குடும்பம் தன் பெயரில் ஒரு வீட்டைப் பதிந்துகொள்ள, மத்திய நிதி அமைச்சகமும் ரிசர்வ் வங்கியும் இந்தத் திருத்தத்தைக் காலம் தாழ்த்தாமல் செய்து தர வேண்டும்.